எவ்வளவு மருந்து போதும்?

புற்றுநோய் மருந்தின் அளவைக் கூட்டிப் பார்ப்பதில் மருத்துவ உலகம் காட்டிய ஆர்வம் குறைத்துப் பார்ப்பதில் இல்லை. மும்பையில் நடந்த சில ஆய்வுகள் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கின்றன.

ஒலான்சபின் என்பது மனச்சிதைவு நோய்க்கான மாத்திரை. 1996ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது அதற்கும் புற்றுநோய்க்கும் எந்த உறவும் இல்லை. குமட்டலைத் தூண்டும் பல வாசல்களை மூளையில் இது ஒரே நேரத்தில் அடைக்கிறது என்பது தெரிந்ததும், கீமோதெரபி ஏற்றிக்கொள்பவர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் ருடால்ஃப் நவாரி தலைமையில் 380 நோயாளிகளிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 2016ல் வெளியானது. வழக்கமான வாந்தித் தடுப்பு மருந்துகளுடன் தினம் 10 மி.கி. ஒலான்சபினும் சாப்பிட்டவர்களில் 74 சதவீதம் பேருக்கு முதல் 24 மணி நேரத்தில் குமட்டலே இல்லை. சாப்பிடாதவர்களில் இது 45 சதவீதம். காப்புரிமை முடிந்த, விலை மலிவான ஒரு மாத்திரை செய்த காரியம் இது. உலகெங்கும் டாக்டர்கள் அதைச் சீட்டில் எழுத ஆரம்பித்தார்கள்.

சிக்கல் தூக்க வடிவில் வந்தது. 10 மி.கி. ஒலான்சபின் ஆளை அடித்துப்போட்டது போலத் தூங்க வைக்கும். வாந்தியெடுப்பதைவிடத் தூங்குவது மேல் என்று சொல்லிவிடலாம். மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருப்பவருக்கு அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் மும்பை பரேலில் உள்ள டாடா மெமோரியல் மருத்துவமனையில் பகலில் ஊசி ஏற்றிக்கொண்டு மாலையில் வெளியே வரும் பெண்களில் பலருக்குக் கட்டில் காத்திருப்பதில்லை. சிலர் கல்யாண், விரார் என்று புறநகர் ரயிலில் இடிபட்டுப் போக வேண்டியவர்கள். பிகாரிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்தவர்கள் தாதரில் உள்ள காட்கே மகராஜ் தர்மசாலைக்குப் போகிறார்கள். அங்கே இடம் கிடைக்காதவர்களில் சிலருக்கு மருத்துவமனையைச் சுற்றியுள்ள நடைபாதைதான். மறுநாள் காலையில் அடுப்பு பற்ற வைக்க வேண்டும், பிள்ளையைக் கவனிக்க வேண்டும், கையில் இருக்கும் பணத்தையும் காகிதங்களையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நடைபாதையில் நாள் முழுதும் கண் திறக்க முடியாமல் கிடப்பது பக்கவிளைவு மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

முதலில் ஜப்பானியர்கள் அளவைப் பாதியாக்கினார்கள். 710 நோயாளிகளிடம் நடந்த அவர்களது ஆய்வு 2020ல் வெளியானது. 5 மி.கி. மாத்திரையை இரவு உணவுக்குப் பின் கொடுத்தார்கள். தூக்கம் வந்தால் இரவிலேயே வந்து தொலையட்டும் என்ற எளிய யோசனை. ஊசி போட்ட மறுநாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை வாந்தி இல்லாமல், கூடுதல் மருந்தும் தேவைப்படாமல் இருந்தவர்கள் 79 சதவீதம். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 66 சதவீதம்.

டாடா மெமோரியலில் டாக்டர் ஜோதி பாஜ்பாயும் சக டாக்டர்களும் இன்னும் ஒரு படி இறங்கினார்கள். 10 மி.கி.யை 2.5 மி.கி.யுடன் மோதவிட்டார்கள். 2024ல் வெளியான முடிவில் 267 நோயாளிகளின் விவரம் இருக்கிறது. மிகப் பெரும்பாலோர் பெண்கள். ஐந்து நாட்களும் வாந்தி இல்லாமல், அவசர மருந்து எதுவும் கேட்காமல், குமட்டல் அறவே இல்லாமலோ லேசாக மட்டுமோ இருந்தவர்கள் 2.5 மி.கி. பிரிவில் 45 சதவீதம், 10 மி.கி. பிரிவில் 44 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே சொல்லிவிடலாம். தூக்கக் கணக்கு வேறு. பகல் தூக்கம் ஏதோ ஓரளவுக்கு இருந்ததாகச் சொன்னவர்கள் 10 மி.கி.யில் 90 சதவீதம், 2.5 மி.கி.யில் 65. முதல் நாளே கடுமையான தூக்கம் என்றவர்கள் 40 சதவீதம். குறைந்த அளவில் வெறும் 5.

எட்டில் ஒரு பங்கு. மருந்தின் பலன் அப்படியே இருக்க, கடுமையான தூக்கம் எட்டில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. இதற்குப் புது மூலக்கூறு தேவைப்படவில்லை, புது எந்திரம் தேவைப்படவில்லை. இருக்கும் மாத்திரையில் கால் பங்கு போதுமா என்று ஒருவர் கேட்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

அதை ஏன் முன்பே கேட்கவில்லை என்பதற்குப் பழைய காரணம் ஒன்று இருக்கிறது. புற்றுநோய் மருந்துகளின் அளவு நிர்ணயிக்கப்படும் விதம் விசித்திரமானது. முதல் கட்ட ஆய்வில் மூன்று நோயாளிகளுக்கு மிகச் சிறிய அளவு கொடுப்பார்கள். பெரிய தொல்லை இல்லையென்றால் அடுத்த மூன்று பேருக்குக் கொஞ்சம் கூட்டுவார்கள். இப்படியே ஏணியில் ஏறி, தாங்க முடியாத பக்கவிளைவு வரும் படி வந்ததும் ஒரு படி இறங்கி நிற்பார்கள். மனிதன் தாங்கக்கூடிய உச்ச அளவு அது. அதற்குப் பின் நடக்கும் பெரிய ஆய்வுகள், கொடுக்கும் அனுமதி, டப்பாவில் அச்சாகும் குறிப்பு எல்லாம் பெரும்பாலும் அந்தப் படியிலிருந்தே தொடங்கும். நோய் கட்டுப்படக் குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும் என்பதை இந்த ஏணி கேட்பதே இல்லை.

இதில் நியாயமும் இருந்தது. அந்தக் காலத்து மருந்துகள் செல்களை நேரடியாகக் கொல்பவை. அளவு கூடினால் அதிக செல்கள் சாகும். சிஸ்பிளாட்டின் நல்ல உதாரணம். 1965ல் அமெரிக்காவின் மிச்சிகனில் பார்னெட் ரோசன்பெர்க் பாக்டீரியாக்களில் மின்சாரத்தைப் பாய்ச்சி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது பிளாட்டினம் மின்முனையிலிருந்து கசிந்து வெளிப்பட்ட ரசாயனத்தின் குணம் தெரியவந்தது. 1970களில் இண்டியானாவில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் அதை வேறு இரு மருந்துகளுடன் சேர்த்து, விரைப்புற்று முற்றி உடலெங்கும் பரவிய இளைஞர்களுக்குக் கொடுத்தார். சாவதாக இருந்தவர்களில் பெரும்பாலோர் பிழைத்து எழுந்தார்கள். சிறுநீரகம் பாதிக்கும், காது மந்தமாகும், குடலே வெளியே வருவது போல வாந்தி வரும். ஆனாலும் 25 வயதில் முழுதாகக் குணமாகப்போகிறவன் அந்த விலையைக் கொடுப்பான். கொடுத்தார்கள். இங்கேயும் ஐன்ஹார்ன் நிற்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். நோய் அவ்வளவாக முற்றாதவர்களுக்கு நான்கு சுற்று மருந்து கட்டாயமா, மூன்று போதாதா என்று 184 பேரிடம் சோதித்து 1989ல் வெளியிட்டார். மூன்று போதும் என்று தெரிந்தது. ஒரு சுற்று விஷம் மிச்சம்.

எல்லோரும் ஐன்ஹார்ன் இல்லை. அதிகம் கொடுத்தால் அதிகம் குணம் என்ற நம்பிக்கை உச்சத்துக்குப் போனது மார்பகப் புற்றுநோயில்தான். 1980களின் பிற்பகுதியில் அமெரிக்க டாக்டர்கள் ஒரு திட்டம் போட்டார்கள். நோயாளியின் எலும்பு மஜ்ஜையை முதலில் எடுத்துப் பத்திரப்படுத்துவது. பிறகு எந்த மஜ்ஜையும் தாங்காத அளவுக்கு மருந்தை ஏற்றுவது. கடைசியில் பத்திரப்படுத்திய மஜ்ஜையைத் திரும்பச் செலுத்தி ஆளை மீட்பது. காகிதத்தில் கச்சிதமாக இருந்தது. பலன் நிரூபிக்கப்படும் முன்பே சிகிச்சை பரவியது. செலவை ஏற்க மறுத்த காப்பீட்டு நிறுவனங்கள் நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டன. 1993ல் கலிஃபோர்னியாவில் ஒரு வழக்கில் 8.9 கோடி டாலர் தரும்படி ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். அதன் பிறகு மறுக்க எவருக்குத் துணிச்சல் வரும்?

உண்மையைக் கண்டுபிடிக்கத் தேவையான ஆய்வுகளோ தவழ்ந்தன. சீட்டுக் குலுக்கிப் போட்டு இந்தச் சிகிச்சையா வழக்கமானதா என்று முடிவு செய்யும் ஆய்வில் சேர எந்தப் பெண் சம்மதிப்பாள், வெளியே பணம் கட்டினால் 'சிறந்தது' கிடைக்கும் என்னும்போது? பிலடெல்ஃபியாவிலிருந்து நடத்தப்பட்ட ஆய்வுக்கு 199 பேரைக் குலுக்கலுக்குக் கொண்டுவரப் பல வருடங்கள் ஆயின. 1999ல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் மாநாட்டில் முடிவுகள் வந்து விழுந்தன. பிலடெல்ஃபியா ஆய்வில், மூன்று வருடம் கழித்து உயிருடன் இருந்தவர்கள் உச்ச அளவுப் பிரிவில் 32 சதவீதம்; வழக்கமான சிகிச்சையில் 38. மற்ற ஆய்வுகளும் கைவிரித்தன, ஒன்றைத் தவிர. தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து வந்த டாக்டர் வெர்னர் பெஸ்வோடா மட்டும் பிரமாதமான பலன் காட்டினார். 2000 ஆரம்பத்தில் அமெரிக்கக் குழு ஒன்று நேரில் போய்ப் பதிவேடுகளைக் கேட்டது. பல நோயாளிகளுக்குப் பதிவே கிடைக்கவில்லை. தவறான தகவல் தந்ததாக பெஸ்வோடா ஒப்புக்கொண்டார். பல்கலைக்கழகம் அவரை வெளியேற்றியது. அதற்குள் ஆயிரக்கணக்கான பெண்கள் அந்த நெருப்பைத் தாண்டியிருந்தார்கள். சிலர் தாண்டவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் உச்ச அளவுப் பழக்கம் போகாததற்கு, பக்கவிளைவு எண்ணப்படும் முறையும் ஒரு காரணம். ஆய்வுகளில் ஒவ்வொரு தொல்லைக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் உண்டு. ஒன்று லேசானது, ஐந்து மரணம். பத்திரிகையில் வெளியாகும்போது முக்கியத்துவம் பெறுவது மூன்றும் அதற்கு மேலும்தான். இரண்டு என்றால் சமாளிக்கலாம் என்று அர்த்தம். யார் சமாளிப்பது? வயிற்றுப்போக்கில் இரண்டாம் நிலை என்பது வழக்கத்தைவிட நாளைக்கு நான்கு முதல் ஆறு தடவை கூடுதலாகப் போவது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி போட்ட காலத்தில் அது இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். இப்போது வரும் மாத்திரைகளில் பலவற்றைத் தினமும், வருடக்கணக்கில் விழுங்க வேண்டும். நாளைக்கு ஆறு தடவை, வருடம் முழுதும், பொதுக் கழிப்பறை உள்ள சாலில் குடியிருக்கும் ஒருவருக்கு. அட்டவணையில் இது 'சமாளிக்கக்கூடியது' என்ற வரியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அந்த மதிப்பெண்ணைப் போடுவதும் நோயாளி அல்ல, டாக்டர். மூன்று ஆய்வுகளில் கலந்துகொண்ட 1,090 நோயாளிகளின் பதில்களை அவர்களது டாக்டர்களின் குறிப்புகளோடு ஒப்பிட்டு இத்தாலியர்கள் 2015ல் வெளியிட்டார்கள். பசியின்மை, குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு, முடி உதிர்தல் என்று ஆறு சங்கதிகள். தனக்கு இருப்பதாக நோயாளி சொன்ன தொல்லை டாக்டரின் குறிப்பில் இடம்பெறாமல் போனது, எதைப் பற்றியது என்பதைப் பொறுத்து, 41 முதல் 74 சதவீதம் வரை. முடி உதிர்வது கண்ணால் பார்க்கிற விஷயம். அதுவும் இந்தப் பட்டியலில் இருக்கிறது. நம் ஊர்களில் டாக்டரிடம் குறை சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவாரோ என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. "எப்படி இருக்கு?" "பரவாயில்லை டாக்டர்." குறிப்பில் ஒன்றும் ஏறுவதில்லை.

கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க்கில் ஒரு விடை இருக்கிறது. ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் டாக்டர் ஈதன் பாஷ், நோய் பரவிய நிலையில் கீமோதெரபி பெற்ற 766 பேரை எடுத்துக்கொண்டார். ஒரு பிரிவினர் தங்கள் தொல்லைகளைக் கம்ப்யூட்டரில் தாங்களே பதிவு செய்தார்கள். மோசமானால் நர்சுக்குத் தகவல் போனது. மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. 2017ல் வெளியான முடிவின்படி, பதிவு செய்தவர்களில் பாதிப் பேர் 31.2 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தார்கள். மற்றவர்களில் பாதிப் பேர் தாண்டிய எல்லை 26 மாதங்கள். பல கோடி டாலர் செலவில் தயாரான சில மருந்துகள்கூட இந்த ஐந்து மாதத்தைத் தருவதில்லை.

குறைத்தால் எப்போதும் நல்லது என்று இதற்குப் பொருள் கொண்டுவிடக் கூடாது. அதையும் டாடா மெமோரியலே காட்டியிருக்கிறது. வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுடன் சிஸ்பிளாட்டின் கொடுக்கும்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெரிய அளவு கொடுப்பது சாஸ்திரம். உடல் பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 100 மி.கி. என்று கணக்கு. நம் நாட்டில் பல மையங்கள் இதற்குப் பயந்து வாரம் ஒருமுறை 30 மி.கி. கொடுத்துவந்தன. பலன் ஒன்றுதான் என்ற நம்பிக்கை. டாக்டர் வனிதா நொரோன்ஹா, டாக்டர் குமார் பிரபாஷ் குழு 300 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2018ல் வெளியிட்டது. இரண்டு வருடம் கழித்தும் கழுத்திலோ முதலில் வந்த இடத்திலோ நோய் திரும்பாமல் இருந்தவர்கள் பெரிய அளவில் 73.1 சதவீதம், வார அளவில் 58.5. கடுமையான பக்கவிளைவு பெரிய அளவில் 84.6 சதவீதம், வார அளவில் 71.6. தொல்லை அதிகம், ஆனால் நோய் அடங்குகிறது. வருடக்கணக்கில் 'கருணையோடு' கொடுத்த சிறிய அளவு போதவில்லை என்று தங்கள் வாயாலேயே சொன்னார்கள்.

கதை அங்கே முடியவும் இல்லை. ஜப்பானில் அறுவை முடிந்த 261 பேரிடம் வாரம் 40 மி.கி. கொடுத்துப் பார்த்தார்கள். 2022ல் வந்த முடிவில், மூன்று வருடம் கழித்து உயிருடன் இருந்தவர்கள் வார அளவில் 71.6 சதவீதம், மூன்று வார அளவில் 59.1. இரு நாட்டு நோயாளிகளும் ஒன்றல்ல, இரு ஆய்வுகள் அளந்ததும் ஒன்றல்ல. எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டிக் கழிக்கக் கூடாது. ஆனால் 30க்கும் 40க்கும் நடுவே எங்கோ ஒரு கோடு இருக்கிறது என்று தோன்றத்தான் செய்கிறது. பத்து மில்லிகிராம். நோயாளியோ அவரது மகனோ வீட்டில் உட்கார்ந்து ஊகிக்கக்கூடிய விஷயம் அல்ல இது. டாக்டர் எழுதித் தந்த மாத்திரையைத் தானாகப் பாதியாக உடைப்பவர் தைரியசாலி அல்ல.

நோய் முற்றிப்போய், குணமாக்க முடியாது என்றாகிவிட்ட பிறகு கணக்கு மாறுகிறது. இந்திய ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப்புற்றுநோய்க்கு. புகையிலையும் குட்காவும் பாக்கும் செய்கிற வேலை. முற்றிய நிலையில் வருபவருக்குச் சிஸ்பிளாட்டின் ஏற்ற வேண்டுமென்றால் மணிக்கணக்கில் சலைன், ஒரு கட்டில், ரத்தப் பரிசோதனை, கூட ஓர் ஆள். மிச்சமிருப்பதோ சில மாதங்கள். அதில் பாதியை மருத்துவமனை வராந்தாவில் கழிப்பதா? டாக்டர் விஜய் பாட்டீலும் சகாக்களும் வேறு வழி எடுத்தார்கள். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை, தினம் இருமுறை செலிகாக்சிப் என்ற வலி மாத்திரை. முதலாவது 1950களிலிருந்து புழக்கத்தில் இருப்பது. இரண்டாவது மூட்டு வலிக்காரர்களுக்குப் பரிச்சயமானது. சிறிய அளவில், இடைவெளி விடாமல், தாளம் தட்டுவது போலக் கொடுக்கும் இந்த முறைக்கு மெட்ரோனோமிக் என்று பெயர். இசைப் பயிற்சியில் தாளம் காட்டும் கருவியிலிருந்து எடுத்து 2000ல் டக்ளஸ் ஹானஹன் வைத்த பெயர். புற்றுக்கட்டிக்கு உணவு கொண்டுபோகும் ரத்தக் குழாய்களை இது வளரவிடாமல் செய்கிறது என்று எலிகளில் தெரிந்திருந்தது.

422 நோயாளிகள். பாதிப் பேருக்குச் சிஸ்பிளாட்டின் ஊசி, பாதிப் பேருக்கு இந்த மாத்திரைகள். 2020ல் வந்த முடிவு பலரைப் புருவம் உயர்த்த வைத்தது. மாத்திரை சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் 7.5 மாதம் தாண்டினார்கள். ஊசி போட்டவர்களில் 6.1 மாதம். கடுமையான பக்கவிளைவு மாத்திரையில் 19 சதவீதம், ஊசியில் 30. ஒன்றரை மாதம் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். வீட்டில் கழியும் ஒன்றரை மாதம் என்பதையும் சேர்த்துக்கொண்டு கேட்க வேண்டும்.

அடுத்த ஆய்வுதான் உலகின் கவனத்தை இழுத்தது. நோய் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும் நிவோலுமேப் ஊசி மேற்கு நாடுகளில் வழக்கமாக இரண்டு வாரத்துக்கு 240 மி.கி. என்ற கணக்கில் போடப்படுகிறது. தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றியவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட இத்தகைய சிகிச்சை, ஏழை மற்றும் நடுத்தர வருவாய் நாடுகளில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூன்று பேருக்குத்தான் எட்டுகிறது என்று டாடா டாக்டர்கள் குறிப்பிடுகிறார்கள். மற்ற 97 பேருக்கு அந்த மருந்து பத்திரிகைச் செய்தி மட்டுமே. இந்த ஊசியின் ஆரம்ப ஆய்வில் கிலோவுக்கு 0.1 மி.கி. முதல் 10 மி.கி. வரை கொடுத்தும் தாங்க முடியாத உச்சம் என்ற படி வரவே இல்லை என்பது 2012லேயே வெளியான விவரம். ஏணி முறை இங்கே அர்த்தமிழந்துவிடுகிறது. அப்படியானால் அடிப்படியில் நின்று பார்த்தால் என்ன?

டாடா குழு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மி.கி. கொடுத்தது. 60 கிலோ எடையுள்ளவருக்குக் கிலோவுக்கு மூன்றில் ஒரு பங்கு மில்லிகிராம். அதே மூன்று வாரத்துக்கு வழக்கமான கணக்கில் 360 மி.கி. ஆகும், அதில் பதினெட்டில் ஒரு பங்கு. 151 நோயாளிகளில் எல்லோருக்கும் மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோடினிப் என்ற மூன்று மாத்திரைகள். பாதிப் பேருக்கு மட்டும் கூடவே இந்தச் சிறிய ஊசி. ஒரு வருடம் கழித்து உயிருடன் இருந்தவர்கள் ஊசி இல்லாதவர்களில் 16.3 சதவீதம், ஊசி பெற்றவர்களில் 43.4. கடுமையான பக்கவிளைவு முறையே 50, 46.1 சதவீதம். அதாவது ஊசியால் தொல்லை கூடவில்லை.

எண்கள் கவர்ச்சியானவை. இதே மருந்தை முழு அளவில் சோதித்து 2016ல் வெளியான சர்வதேச ஆய்வில் ஒரு வருடம் தாண்டியவர்கள் 36 சதவீதம் என்பதைப் பக்கத்தில் வைத்து, பதினெட்டில் ஒரு பங்கு முழு அளவை முந்திவிட்டது என்று முழங்க ஆசை வரும். அது தப்பு. அங்கே வந்த நோயாளிகள் வேறு, அவர்கள் ஏற்கெனவே பெற்றிருந்த சிகிச்சை வேறு, இங்கே கூடச் சேர்த்த மாத்திரைகள் வேறு. மும்பை ஆய்வு சொல்வது ஒன்றே ஒன்று: ஒன்றுமே கொடுக்காததைவிட இந்தச் சிறிய அளவு பெரிதும் மேல். முழு அளவுக்கு இது சமமா என்பதற்கு இந்த ஆய்வில் விடை இல்லை. 151 பேர் என்பதும், ஒரே மருத்துவமனை என்பதும் சிறிய விஷயங்கள் அல்ல. அமெரிக்க டாக்டர்களில் சிலர் இதைத் தொடத் தயங்குவதற்கு நியாயம் இருக்கிறது. முழு அளவு கிடைக்கும் நாட்டில் அதைக் குறைக்க வலுவான ஆதாரம் வேண்டும். முழு அளவு கிடைக்கவே கிடைக்காத பரேல் வராந்தாவில், ஒப்பிட வேண்டியது 360ஐ அல்ல, பூஜ்யத்தை.

இந்தக் கேள்விகளை அரசு மருத்துவமனை கேட்பது தற்செயல் அல்ல. டாடா மெமோரியல் 1941ல் டாடா அறக்கட்டளை தொடங்கியது. 1962 முதல் அணுசக்தித் துறையின் பொறுப்பில் இருக்கிறது. மருந்து விற்று அதற்கு லாபம் வர வேண்டியதில்லை. மருந்துக் கம்பெனிக்கோ, அளவு பாதியானால் வரவும் பாதியாகும் அபாயம் உண்டு. தன் சரக்கு கால் பங்கு போதும் என்று நிரூபிக்கப் பணம் போடும் வியாபாரியை எந்தச் சந்தையில் பார்க்க முடியும்? ஆதலால் குறைத்துப் பார்க்கும் ஆய்வுகள் சிறியவையாக, தாமதமாக, டாக்டர்களின் சொந்த முயற்சியாக நடக்கின்றன.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் இது உறைத்திருக்கிறது. ரத்தப் புற்றுநோய்க்கான டசாட்டினிப் மாத்திரை 2006ல் தினம் 140 மி.கி. என்று அனுமதி பெற்று, நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துப் பலர் அவதிப்பட்ட பிறகு, நோயின் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு 2007ல் 100 மி.கி.யாக இறங்கியது. பலன் குறையவில்லை. அனுமதிக்குப் பிறகு அளவைத் தேடும் இந்த வழக்கத்தை மாற்ற 2021ல் ஆப்டிமஸ் என்ற திட்டத்தை அந்த அமைப்பு தொடங்கியது. அனுமதிக்கு முன்பே ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகளை ஒப்பிட்டுக் காட்டுங்கள் என்று கம்பெனிகளிடம் கேட்கிறது. அதே வருடம் நுரையீரல் புற்றுநோய்க்கான சோட்டோராசிப் மாத்திரைக்குத் தினம் 960 மி.கி. என்று அனுமதி தந்தபோது, 240 மி.கி.யையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. ஏற்கெனவே சந்தையில் இருக்கும் பழைய மருந்துகளை யார் திரும்பிப் பார்ப்பது என்பது வேறு கேள்வி.

அதில் ஒரு மருந்து ப்ராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய்க்கான அபிராட்டரோன். தினம் 1,000 மி.கி., வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும். காரணம் வேடிக்கையானது. உணவோடு சாப்பிட்டால் மருந்து அதிகமாக ரத்தத்தில் ஏறிவிடுகிறது. கொழுப்பு மிகுந்த சாப்பாடானால் பத்து மடங்கு வரைகூட. அதாவது வெறும் வயிற்றில் விழுங்கும் மாத்திரையில் பெரும்பகுதி உடம்பில் சேராமலே வெளியேறுகிறது. டாக்டர் ரஸ்ஸல் சுமுலெவிட்ஸ் 72 நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு 250 மி.கி.யைக் கொழுப்புக் குறைந்த காலை உணவோடு கொடுத்தார்; மற்றவர்களுக்கு வெறும் வயிற்றில் 1,000. நோயைக் காட்டும் ரத்தப் பரிசோதனையில் இரண்டு பிரிவும் ஏறக்குறைய ஒன்றாகவே நடந்துகொண்டன. சிறிய ஆய்வு, ஆயுளை அது அளக்கவில்லை. இருந்தாலும் 2018ல் முடிவு வெளியான பின், அமெரிக்க டாக்டர்கள் பின்பற்றும் முக்கியமான வழிகாட்டிக் குறிப்பில் 250 மி.கி.யும் காலை உணவும் மாற்று வழியாக இடம்பெற்றது. மாத்திரை டப்பாவோடு வரும் தாளில் மட்டும் 1,000 மி.கி., வெறும் வயிற்றில் என்றே அச்சாகிறது.